உடல் ரோமில், வேலை திருச்சியில்

வாசகியின் கடிதம், சுருக்கமாக: திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் துணை மேலாளராக இருக்கிறார். வயது 43, எடை 78 கிலோ, உயரம் 157 செ.மீ. தைராய்டுக்கு மாத்திரை எடுக்கிறார். கணவருடன் 12 நாள் ஐரோப்பியக் குழுச் சுற்றுலா போய்வந்தார். பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் என்று 44 பேர் ஒரே பஸ்ஸில் சுற்றியிருக்கிறார்கள். ஞாயிறு விடியற்காலை சென்னையில் இறங்கி மதியம் வீடு சேர்ந்தவர், சாப்பிட்டுப் படுத்து இரவு 8 மணிக்குத்தான் எழுந்தார். அன்று இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. திங்கள் காலை எழ முடியாமல், கிளை மேலாளரிடம் "காய்ச்சல்" என்று போனில் சொல்லிவிட்டார். செவ்வாய் வேலைக்குப் போனார். அன்று இரவு 1.30 மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த 0.5 மி.கி. அல்பிரசோலம் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டார். புதனன்று ஒரு பதிவில் ஒரு சுழியம் கூடுதலாக விழுந்தது, பதிவைச் சரிபார்க்கும் செக்கர் கண்ணில் பட்டதால் தப்பித்தார். மாலை 7 மணிக்குச் சோபாவில் சாய்ந்தால் கண் சொருகுகிறது, இரவு 10.30க்குப் படுத்தால் 2.30 வரை தூக்கம் இல்லை. செப்டம்பர் 30 அரையாண்டுக் கணக்கு முடிப்பு. வராத திங்கட்கிழமைக்கு மேலாளர் மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்.

அவர் கேட்பவை: தூக்கம் எப்போது சரியாகும்? அந்த மாத்திரையைத் தொடரலாமா? முன்தேதியிட்ட காய்ச்சல் சான்றிதழ் வாங்க முடியுமா? சுற்றுலாவில் தைராய்டு மாத்திரையை 3 நாள் மறந்ததுதான் இதற்கெல்லாம் காரணமா? கடைசி வரியில், கேள்வியாகக்கூட இல்லாமல், இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "மாதவிலக்கைத் தள்ளிப்போட 15 நாள் மாத்திரை போட்டேன், ஊர் வந்ததும் நிறுத்திவிட்டேன். நடந்து நடந்து இடது கெண்டைக்கால் மட்டும் வலிக்கிறது, கொஞ்சம் வீக்கமும் இருக்கிறது. வீட்டுக்காரர் தைலம் தேய்த்து உருவிவிடுகிறார்."

மருத்துவர் பதில்:

சகோதரி, உங்கள் மின்னஞ்சல் வந்த நேரம் வியாழன் அதிகாலை 1.40. ரோமில் அப்போது இரவு 10.10. உங்கள் தூக்கப் பிரச்சினைக்கு விடை அதிலேயே இருக்கிறது, பின்னால் வருகிறேன். முதலில் அந்தக் கடைசி வரி. அது இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் வியாழன் காலையே உங்களுக்குத் தனியாக எழுதினேன். நீங்கள் இன்னும் மருத்துவமனைக்குப் போகவில்லை என்றால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம், இப்போதே கிளம்புங்கள்.

முதலில் கால்

நடந்த வலி என்றால் இரண்டு காலிலும் வலிக்கும், இரண்டு மூன்று நாளில் குறைந்துகொண்டே வரும். ஒரு காலில் மட்டும், அதுவும் ஊர் திரும்பிய பிறகு வலியும் வீக்கமும் என்றால், காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்பதை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும், தைலம் சொல்லாது.

இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் விமானம் மட்டுமில்லை. 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடி போகும் எந்தப் பயணமும், பஸ் உட்பட, இந்த ஆபத்தை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அப்படியும் அது சிறிய எண்தான். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட கணக்குப்படி, நீண்ட விமானப் பயணம் செய்யும் சுமார் 6,000 பேரில் ஒருவர். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு சேர்ந்திருக்கிறது: போகவர நீண்ட விமானப் பயணம், நடுவே தினமும் 5, 6 மணி நேரம் பஸ் இருக்கை, உயரத்துக்கு அதிகமான எடை, அதற்கு மேல் அந்த மாதவிலக்கு மாத்திரை. நெடுஞ்சாலைக் கழிப்பறைக்கு ஒரு யூரோ கேட்கிறார்கள் என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தீர்கள். ஐரோப்பாவில் ஓட்டுநருக்கு நாலரை மணி நேர ஓட்டத்துக்கு 45 நிமிட ஓய்வு சட்டப்படி கட்டாயம். அந்த 45 நிமிடமும் பயணிகளில் பாதிப் பேர் கீழே இறங்காமல் இருக்கையிலேயே தூங்குவார்கள்.

மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் சர்வசாதாரணமாகக் கிடைப்பது நோரெதிஸ்டெரோன் 5 மி.கி., நாளைக்கு மூன்று வேளை. கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, சுற்றுலாவுக்கு என்று அக்காவிடமிருந்து தங்கைக்குப் போகும் மாத்திரை இது. அந்த அளவில் எடுக்கும்போது அதில் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. கருத்தடை மாத்திரையைப் போலவே இதுவும் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் என்பது பலருக்குத் தெரியாது. பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது உண்மைதான். நீண்ட பயணமும் எடையும் அதோடு சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. இப்போது நிறுத்திவிட்டீர்கள், நல்லது. மறுபடி தொடாதீர்கள். பின்னால் எப்போதாவது தேவைப்பட்டால் மகப்பேறு மருத்துவரிடம் இந்தக் கால் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜனாக மாறாத மாத்திரையும் இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தையல் டேப்பை எடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் கோடு போட்டு, அந்த இடத்தில் இரண்டு காலின் சுற்றளவையும் அளங்கள். 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் என்றால் சந்தேகம் வலுக்கிறது. வித்தியாசம் குறைவாக இருந்தாலும் ஸ்கேனைத் தள்ளிப்போட அது காரணம் ஆகாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவருக்குப் பயன்படும்.

எடுக்க வேண்டியது காலின் சிரை டாப்ளர் ஸ்கேன். ஊசி இல்லை, வலி இல்லை, அரை மணி நேரம் ஆகும். சில இடங்களில் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் எடுத்து, "நார்மல், போங்க" என்பார்கள். சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு அது போதும், உங்களுக்கு டாப்ளரும் வேண்டும் என்று கேளுங்கள். மாத்திரை, பஸ், விமானம் மூன்றையும் நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். "கால் வலி" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்பி வருவீர்கள்.

அதுவரை உருவிவிடுவது அறவே வேண்டாம். ரத்தக் கட்டி இருந்தால் அது பிய்ந்து நுரையீரலுக்குப் போக வழி செய்யும். ஆஸ்பிரினும் நீங்களாகப் போட வேண்டாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் 108. விமானத்திலிருந்து தொடங்கியதாக நீங்கள் எழுதிய வறட்டு இருமல் பெரும்பாலும் கேபின் காற்றின் வறட்சியால் வருவது, அங்கே ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. ஆனாலும் இருமலைப் பற்றியும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை.

கட்டி இருப்பது உறுதியானால் பயப்பட ஒன்றும் இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, பெரும்பாலும் 3 மாதம். பலர் வீட்டிலிருந்தபடியே எடுக்கிறார்கள், நடக்கலாம், வேலைக்கும் போகலாம். மாதவிலக்கு வழக்கத்தைவிட அதிகமாகப் போகக்கூடும், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் உடலில் இப்போது என்ன மணி?

தைராய்டு மாத்திரையை மறந்தது பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அந்த மருந்தில் பாதி வெளியேறவே சுமார் ஒரு வாரம் ஆகும். மூன்று நாள் மறந்ததால் தூக்கம் கெடாது. மறுபடி தினமும் வெறும் வயிற்றில் எடுங்கள், விட்டதைச் சேர்த்துப் போட வேண்டாம்.

தூக்கம் கெட்டதற்குக் காரணம் உடல் கடிகாரம். செப்டம்பரில் ரோமுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நீங்கள் 10.30க்கு விளக்கை அணைக்கும்போது உடலுக்கு மணி மாலை 7. தூக்கம் வருவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் உடல் மிக விழிப்பாக இருக்கும் நேரம். அந்த நேரத்தில் போய்ப் படுத்துக்கொண்டு தூக்கம் வரவில்லையே என்று தவிக்கிறீர்கள். 2.30க்குத் தூக்கம் வருகிறது என்றால் அது அங்கே இரவு 11. அதாவது உங்கள் உடல் ஒழுங்காகத்தான் தூங்குகிறது, அங்கே. அலாரம் அடிக்கும் 5.30 அதற்கு நள்ளிரவு 2 மணி. கவுன்டர் திறக்கும் 10 மணி அதற்குக் காலை 6.30. மாலை 7 மணிக்குச் சோபாவில் கண் சொருகுவது, அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் மயக்கமும் சேர்ந்த தூக்கக் கடனும்.

கிழக்கே வரும்போது கடிகாரத்தை முன்னால் தள்ள வேண்டும். உடலுக்கு அது கஷ்டம், நாளைக்கு ஒரு மணி நேரம் நகர்ந்தாலே அதிகம். அதனால்தான் போகும்போது பாரிஸில் இரண்டே நாளில் பழகினீர்கள், வரும்போது முடியவில்லை. ஒழுங்காகச் செய்திருந்தால் நான்கைந்து நாளில் சரியாகியிருக்கும். இரண்டு விஷயங்கள் இழுத்தடிக்கின்றன. ஒன்று, ஞாயிறு மதியத்தில் தொடங்கிய பகல் தூக்கமும் மாலைச் சோபாவும். இன்னொன்றைச் சொன்னால் வியப்பீர்கள்: விடிகாலையில் மொட்டைமாடி நடை.

காலை வெயில் நல்லது என்று கேள்விப்பட்டு 5.45 முதல் 7 வரை நடக்கிறீர்கள். பொதுவாக நல்ல யோசனைதான். ஆனால் வெளிச்சம் கடிகாரத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பது, உடல் வெப்பம் மிகக் குறையும் நேரத்துக்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்தது. அந்த நேரம், அலாரம் இல்லாமல் தானாக விழிக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் முன்பு. அதற்குப் பின் படும் வெயில் கடிகாரத்தை முன்னே தள்ளும், அதற்கு முன் படுவது பின்னே இழுக்கும். திரும்பிய முதல் நாட்களில் உங்களுக்கு அது நம் நேரம் காலை 8ஐ ஒட்டி இருந்திருக்கும். 6 மணி வெயில் உங்களை ரோமிலேயே பிடித்து வைத்தது.

இந்தச் சனி நான்காவது சனி, வங்கி இல்லை. இரண்டு நாள் கையில் இருக்கிறது, இப்படிச் செய்யுங்கள்:

- சனி: 7.30க்கு எழுங்கள். 8 வரை திரைச்சீலை மூடியே இருக்கட்டும். 8.15 முதல் ஒரு மணி நேரம் வெளி வெளிச்சத்தில் இருங்கள். இரவு 12.30க்கு முன் படுக்காதீர்கள்.
- ஞாயிறு: 6.45க்கு எழுந்து 7.30 முதல் வெயில். இரவு 11.45க்குப் படுக்கை. ஞாயிறு என்று 10 மணி வரை தூங்கினால் சனிக்கிழமை உழைத்தது போச்சு.
- திங்கள்: 6.15க்கு எழுந்து 6.45 முதல் வெயில். இரவு 11க்குப் படுக்கை. செவ்வாயிலிருந்து உங்கள் பழைய 5.45 நடை திரும்பலாம்.

காலில் கட்டி இல்லை என்று தெரிந்த பிறகே நடை, அதுவரை நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் வெயில் வெயில்தான். மூன்று நாளும் மாலை 4க்கு மேல் கண்ணை மூடக் கூடாது. முடியவே இல்லை என்றால் மதியம் 1.30 முதல் 2க்குள் 20 நிமிடம், அலாரம் வைத்து. டிகாக்‌ஷன் காபி மதியம் 2 மணியோடு சரி. அதிலுள்ள கஃபீனில் பாதி வெளியேற சுமார் 5 மணி நேரம் ஆகும், 5 மணிக்குக் குடித்த காபி 10 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். படுத்து அரை மணிக்குள் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலில் மங்கிய விளக்கில் உட்காருங்கள், கண் கனத்ததும் போங்கள். போனில் குழுப் படங்களைத் தள்ளிக்கொண்டு கிடப்பது சேராது.

மாத்திரை

அல்பிரசோலம் வேண்டாம். அது கடிகாரத்தை நகர்த்தாது, ஆளை அடித்துப் போடும், அவ்வளவுதான். அதில் பாதி வெளியேற சுமார் 11 மணி நேரம் ஆகும். 1.30க்குப் போட்டது மறுநாள் 12.30க்கும் பாதி உள்ளே இருந்தது, அந்தச் சுழியம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறதல்லவா? மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத எச்1 பட்டியல் மருந்து அது, சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும். ஒரே ஒரு நாள் போட்டதால் ஒன்றும் ஆகாது, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த வகைக்கு உதவக்கூடியது மெலடோனின். கடையில் 10 மி.கி.கூடக் கிடைக்கும். அவ்வளவு தேவையில்லை, 3 மி.கி. போதும், மேலே சொன்ன படுக்கை நேரத்தில், மூன்று நான்கு இரவு மட்டும். ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தொடங்கினால் அந்த மருத்துவரைக் கேட்காமல் மெலடோனின் தொடக் கூடாது. ஆகவே டாப்ளர் முடிவு வந்த பிறகுதான் இது. வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த யோசனை பொருந்தாது.

சான்றிதழ்

முடியாது. இது பிடிவாதம் இல்லை. பார்க்காத நோயாளிக்கு, இல்லாத காய்ச்சலுக்கு, கடந்த தேதிக்குச் சான்றிதழ் தருவது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின்படி தவறான நடத்தை, மருத்துவரின் பெயர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்படலாம். உங்களுக்கும் ஆபத்து குறைவில்லை. ஒரு நாள் விடுப்பு என்பது சின்ன விஷயம், பொய்ச் சான்றிதழ் என்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய விஷயம். ஞாயிறு விமானத்தில் வந்து இறங்கியதும், முந்தின வாரம் சுவிட்சர்லாந்தில் தித்லிஸ் மலைப் பனியில் நின்றதும் உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

மேலாளரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், அன்னைக்குக் காய்ச்சல் இல்ல. தூங்கவே இல்ல, வந்திருந்தா தப்புத்தான் பண்ணியிருப்பேன். அந்த ஒரு நாளை என் ஈட்டிய விடுப்போட நீட்டிப்பா எடுத்துக்குங்க." தற்செயல் விடுப்பை ஈட்டிய விடுப்போடு ஒட்டிப் போடப் பொதுவாக விடமாட்டார்கள், அதனால்தான் நீட்டிப்பு என்கிறேன். அதை ஏற்பது அவர் கையில், சிறு முணுமுணுப்பு இருக்கலாம். கணக்கு முடிப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது எந்த மேலாளரும் ஒரு துணை மேலாளரை இழக்க விரும்பமாட்டார்.

டாப்ளரில் ஏதாவது தெரிந்தால் கதை வேறு. அப்போது உங்களைப் பார்த்த மருத்துவரே, பார்த்த தேதியிட்டு, உண்மையான நோயின் பெயரில் சான்றிதழ் தருவார். அதைக் கொடுத்து விடுப்பு எடுப்பதில் கூச்சம் எதற்கு?

30ஆம் தேதி வரை

திங்களும் செவ்வாயும் உடல் இன்னும் ஒரு மணி நேரமாவது பின்தங்கியிருக்கும். முடிந்தவரை முக்கிய ஒப்புதல்களை, பெரிய தொகை ஆர்டிஜிஎஸ் பணப் பரிமாற்றம், கணக்கு முடிப்புப் பதிவுகள், பெட்டகப் பணத்தைச் சேர்ந்து எண்ணுவது போன்றவற்றை 11 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டர் திறந்த முதல் ஒரு மணி நேரம் கடிதங்களும் கோப்புகளும் பார்க்கலாம். நீங்கள் செக்கராக இருக்கும் பதிவில் தொகையைக் கண்ணால் ஓட்டாமல், சுழியங்களை வலமிருந்து இடமாக விரல் வைத்து எண்ணுங்கள். அசட்டுத்தனமாகத் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து கிளைக்குள் ஒரு சுற்று நடங்கள், அது காலுக்கு.

வீட்டிலிருந்து 11 கி.மீ. ஸ்கூட்டரில் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த புதன் வரை பஸ். தூக்கக் கடனில் இருப்பவருக்கு ஓட்டும்போது இரண்டு மூன்று விநாடி கண் திறந்தபடியே மூளை அணைந்துவிடும், அவருக்கே தெரியாது. 40 கி.மீ. வேகத்தில் 3 விநாடி என்றால் 33 மீட்டர். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை பிடித்தால் காலை வெயிலும் கிடைக்கும்.

டாப்ளர் சுத்தமாக இருந்தும் அடுத்த வெள்ளிக்குள் வீக்கம் இறங்கவில்லை என்றால், "போன வாரம்தான் எடுத்தோமே" என்று விடாமல் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கெண்டைக்காலோடு நிற்கும் சிறு கட்டி முதல் ஸ்கேனில் கண்ணில் படாமல் போகலாம். ஒரு வாரத்தில் அது முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தால் இரண்டாவது ஸ்கேனில் தெரிந்துவிடும்.